நெஞ்சை மட்டும் பார்த்தால் போதுமா? காசநோய் ஒழிப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர், மாநிலக் காசநோய் அலுவலர், மருத்துவக் கல்வி இயக்குநர் ஆகியோர்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

காசநோயால் குடல் ஓட்டையாகி ஒருவர் அரசு மருத்துவமனையின் அறுவை வார்டில் இறந்தால், அந்த இறப்பு பெரும்பாலும் உங்கள் காசநோய்க் கணக்கில் ஏறுவதில்லை. ‘குடல் துளை, வயிற்றில் சீழ், ரத்தத்தில் நச்சு’ என்று சான்றிதழில் எழுதிவிடுகிறார்கள். அவர் வேறு ஏதோ ஒரு கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டின் பத்தாம் பதிப்பில் குடலையும் வயிற்று உறையையும் தாக்கும் காசநோய்க்கு ஏ18.3 என்று தனி எண்ணே இருக்கிறது. நான் வேலை பார்த்த வார்டுகளில் அந்த எண் ஏறிய இறப்புச் சான்றிதழை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தென் மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் பொது அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எழுத உட்காரக் காரணம், இரண்டே வரியில் எனக்கு வந்த ஒரு பதில். ஓய்வுக்குச் சற்று முன்பு என் வார்டில் இறந்த ஒரு பெண்ணின் சாவைக் காசநோய் இறப்புத் தணிக்கையில் எடுத்து விசாரிக்கும்படி மாவட்ட அளவில் கேட்டிருந்தேன். ‘நோயாளி நிக்ஷய் தளத்தில் பதிவு செய்யப்படாதவர், ஆகவே தணிக்கை வரம்புக்குள் வரமாட்டார்’ என்று பதில் வந்தது. நிக்ஷய் என்பது காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளம். அவள் பதிவாகாமல் போனதுதான் அவள் சாவுக்கு ஒரு காரணம் என்று நான் எழுதியிருந்தேன். பதிவாகாததால் விசாரிக்க முடியாது என்கிறது அலுவலகம். இதை வாங்கி மடித்து வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அவள் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்தவள், விடுதியில் தங்கியிருந்தாள், வயது இருபதுகளின் தொடக்கம். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றிப் பிடித்து இழுக்கும். வயிற்றுக்குள் பந்து மாதிரி ஒன்று திரண்டு உருளும், கடமுட என்று சத்தம் கேட்கும், அப்புறம் வலி விட்டுப்போகும். சாப்பிட்டால்தானே வலிக்கிறது என்று அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். விடுதியில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். லீவில் வீட்டுக்குப் போனபோது அம்மா ‘குடல் ஏறியிருக்கு’ என்று ஊரில் குடல் தட்டும் பாட்டியிடம் கூட்டிப்போனார். விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டதில் ரெண்டு நாள் சுகமாக இருந்ததாம். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படித்த நாம் செய்ததும் அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் நம்மிடம் வந்தாள். எடை குறைந்ததைப் பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குச் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவளுக்கு இருமலே கிடையாது. டப்பாவில் எச்சிலைத்தான் துப்பிக் கொடுத்தாள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. முகாமில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. ‘டிபி இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டை அவள் அம்மா மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். பின்னால் வயிறு லேசாக உப்பியபோது, கல்யாணமாகாத பெண்ணிடம் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்கள்: நாள் தள்ளிப்போயிருக்கிறதா? ஒவ்வொரு இடத்திலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கவோ, ஓர் ஊசி போட்டு அந்த நீரை எடுத்துப் பார்க்கவோ யாருக்கும் தோன்றவில்லை. கையில் ‘டிபி இல்லை’ சீட்டு இருக்கும்போது ஏன் தோன்றப்போகிறது?

குடல் கிழிந்தது ஒரு நள்ளிரவில். அருகிலிருந்த அரசு மருத்துவமனை ஒன்றில் அவசரமாக அறுவை செய்து, சீழைக் கழுவி, கெட்டுப்போன குடலை வெட்டி எடுத்து, நல்ல குடலின் முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அன்று ராத்திரி அவள் உயிரைக் காப்பாற்றியவர்கள் அந்த மருத்துவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் ‘பயாப்சி முடிவு பின்னர் பெற்றுக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தது. யார் பெற்றுக்கொள்வது? மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணனா, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவா?

சில வாரங்கள் கழித்து அவள் என் வார்டுக்கு வந்தாள். வெளியே வைத்திருந்த குடல் வாயிலிருந்து நீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கும் பை வாங்கக் காசில்லாமல் பாலித்தீன் கவரை வைத்து அதன் மேல் பழைய வேட்டியைச் சுற்றியிருந்தார்கள். சுற்றிலும் தோல் வெந்து ரத்தம் கசிந்தது. எடை மெஷினில் நிற்க முடியாததால் அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு அவர் எடையைக் கழித்துப் பார்த்தோம். பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. முதல் மருத்துவமனைக்கு ஃபோன் போட்டேன். நோய்க்குறியியல் துறையில் முடிவு எப்போதோ தயாராகி இருந்தது: தயிர்க்கட்டி போலச் சிதைந்த திசுக் கரணைகள், காசநோய். மருந்தைத் தொடங்கினோம். நிக்ஷயில் ஏற்ற ஆதாரும் வங்கிப் புத்தகமும் எடுத்துவரச் சொல்லி அண்ணனை ஊருக்கு அனுப்பினோம். அவர் பஸ் ஏறித் திரும்பி வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

இது ஒரு ஆளின் கவனக்குறைவு என்று நான் சொல்லவில்லை. அப்படியானால் அந்த ஆளுக்கு ஒரு மெமோ கொடுத்து முடித்துவிடலாம். இந்த ஓட்டை அமைப்பிலேயே இருக்கிறது. காசநோய்த் திட்டம் ஒரு பக்கம் ஓடுகிறது, அறுவை வார்டு இன்னொரு பக்கம் ஓடுகிறது, இரண்டுக்கும் நடுவில் கதவே இல்லை.

உங்கள் கண்டுபிடிப்பு முகாம்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 7 அன்று தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில், இருமலே இல்லாதவர்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று சொன்னார்கள். கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி கிராமம் கிராமமாகப் போனது. முதியவர், சர்க்கரை நோயாளி, எடை குறைந்தவர், நோயாளியின் வீட்டார் என்று தேடிப் பார்த்தார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கருவி நெஞ்சைத்தானே பார்க்கும்? நம் நாட்டில் பதிவாகும் காசநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்காவது நோய் நுரையீரலுக்கு வெளியேதான் இருக்கிறது. வயிற்றில் காசநோய் வந்தவர்களில் பாதிப் பேருக்கும் மேல் நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், சளியில் கிருமி இருக்காது. எடை குறைவு, காய்ச்சல் இரண்டும் உங்கள் கேள்வித்தாளிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு ‘ஆம்’ என்று சொன்னவருக்கும் கடைசியில் கிடைப்பது அதே சளி டப்பாவும் அதே நெஞ்சு எக்ஸ்ரேயும்தான். இரண்டும் சுத்தம் என்றால் கோப்பு மூடப்படுகிறது. அப்படி மூடிய கோப்புகளில் சில, மாதங்கள் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் கேசுவாலிட்டி வாசலில் ஆம்புலன்சில் வந்து இறங்கும்.

மருத்துவம் படிக்காத வாசகர்களுக்காக இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விழுங்கிய சளியோடு, ரத்தத்தின் வழியாக, சில நேரம் காய்ச்சாத பாலோடு கிருமி குடலுக்குப் போகிறது. அதற்கு மிகவும் பிடித்த இடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் வலது அடிவயிறு. நிணநீர்த் திசு அங்கே அதிகம், குடலில் வருவதும் அங்கே கொஞ்சம் தங்கி நிற்கும். டைஃபாய்டில் வரும் புண் குடலின் நீளவாக்கில் இருக்கும். காசநோய்ப் புண் குறுக்குவாக்கில், குடலைச் சுற்றி வளையமாகப் பிடிக்கும். அது ஆறும்போது தழும்பு சுருங்கி வழி குறுகுகிறது. குறுகிய இடத்தைத் தாண்டத் தள்ளும்போதுதான் அந்தப் ‘பந்து உருளுவது’. மேல்பக்கக் குடல் உப்பிக்கொண்டே போய், சுவர் நைந்து, பெரும்பாலும் சுருக்கத்துக்குச் சற்று மேலேதான் கிழியும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. பல மாதம் எடுக்கும். அந்தப் பல மாதமும் நோயாளி மருந்துக்கடை, ஆரம்ப சுகாதார நிலையம், தனியார் கிளினிக் என்று ஏறி இறங்கிக்கொண்டுதான் இருப்பார். அதாவது இந்த ‘அவசரம்’ வருவதற்கு முன் அதைத் தடுக்க நமக்கு நிறைய அவகாசம் கிடைக்கிறது.

குறுகிய குடல்கூட மருந்தாலேயே பல பேருக்குச் சரியாகிறது. எல்லாச் சுருக்கத்துக்கும் கத்தி தேவையில்லை என்று இந்திய மருத்துவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார்கள். கத்தி எடுக்க வேண்டிவந்தாலும் குடலை நீளமாக வெட்டி எறியாமல், சுருங்கிய இடத்தை மட்டும் நெடுக்கே திறந்து குறுக்கே தைத்து அகலப்படுத்தலாம். காசநோய்ச் சுருக்கங்களுக்கு அந்த முறையை 1977-இல் உலகத்துக்குச் சொன்னவர்களும் இந்திய அறுவை மருத்துவர்களே. மேற்கு நாடுகள் அதைக் க்ரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்க்கு எடுத்துக்கொண்டது அப்புறம். சரி, பெருமை பேசுவது என் நோக்கமில்லை. நேரத்தோடு வந்தால் குடலையும் காப்பாற்றலாம், ஆளையும் காப்பாற்றலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

குடல் கிழிந்து வந்துவிட்டால் கதையே வேறு. மாணவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது, நின்றபடி எக்ஸ்ரே எடுத்தால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரியும், தெரிந்தால் குடல் துளை என்று. காசநோயில் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் பல நேரம் அந்தக் காற்று மேலே ஏறாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வார்டில் போட்டு டிரிப் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள், பொழுது விடிவதற்குள் சிறுநீர் நின்றுபோகும். வயிற்றைத் திறந்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. குடல் மேலும் வயிற்று உறை மேலும் ஜவ்வரிசி தூவினாற்போல வெள்ளைப் பொட்டுகள், தடித்துச் சுருண்ட கொழுப்புத் திரை, கட்டி கட்டியாக நிணநீர் முடிச்சுகள். பெண்களுக்கு இதையே சினைப்பைப் புற்றுநோய் என்று நினைத்து வயிற்றைத் திறப்பதும் உண்டு. அந்தப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ-125 அளவு இந்த நோயிலும் ஏறும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கூடச் சேர்ந்து ஏமாற்றும்.

அந்த ராத்திரியில் நடக்கும் ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எடுத்த குடல் துண்டையும் நிணநீர் முடிச்சையும் டியூட்டியில் இருக்கும் முதுநிலை மாணவர் வாங்கி, அப்படியே மொத்தமாக ஃபார்மலின் பாட்டிலில் போடுகிறார். பழக்கம் அப்படி. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும், கூடவே கிருமியையும் கொன்றுவிடும். அதற்குப் பிறகு அந்தத் துண்டிலிருந்து கிருமியை வளர்க்க முடியாது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியா, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமியா என்று நம்பிச் சொல்ல முடியாது. ஒரு சிறு துண்டை மட்டும் சலைன் ஊற்றிய சுத்தமான பாட்டிலில் தனியாகப் போட்டிருந்தால் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையில் அன்றைக்கே விடை தெரிந்திருக்கலாம், வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பியிருக்கலாம். வயிற்று நீரில் சிபிநாட் பெரும்பாலும் பிடிபடாது, திசுவில்தான் வாய்ப்பு அதிகம். அந்தத் திசுவை நாமே கொன்று அனுப்புகிறோம்.

ஓரிரு முறை நான் பிடிவாதமாக இரண்டு பாட்டிலில் போட்டு அனுப்பியபோது காலையில் திரும்பி வந்தது. ‘மேடம், இங்கே சளி மட்டும்தான் வாங்குவோம்’ என்றார் பரிசோதனைக்கூடத் தொழில்நுட்பர். அவர் மேல் தப்பில்லை. வேறு மாதிரிகளையும் வாங்கச் சொல்லி அவருக்கு யாரும் எழுத்தில் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்க்கென்று 2016-இலேயே தேசிய வழிகாட்டி நெறிகள் வந்துவிட்டன. அதில் திசு மாதிரி எடுப்பது பற்றி இருக்கிறது. ஆறு மாத மருந்து போதும் என்றும் இருக்கிறது. அந்த ஆறு மாதத்துக்கான சான்றுகளில் ஒன்று சென்னைச் சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு மையத்திலிருந்தே போனது, 1997-இல். வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாத மருந்தை ஒரு வருட மருந்தோடு வைத்துப் பார்த்து, ஐந்து வருடம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து சொன்னார்கள். சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்குச் சொன்னதும் அதே வளாகம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடல் துண்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அறுவைக்குப் பிறகு வரும் நாட்கள் இன்னும் மோசம். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று மூக்கில் குழாய் போட்டிருப்போம். காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து முழுக்க மாத்திரை. குடல் வேலை செய்யாத நாட்களில் எதைக் கொடுப்பது? அமிக்காசின், லீவோஃப்ளாக்சசின் ஊசிகளைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் போடாமல் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எழுதப்பட்ட வழிமுறை எதையும் நான் பார்த்ததில்லை. குடல் வாய் வைத்த நோயாளிக்கு மருந்து எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு அப்படியே பையில் வந்து விழுகிறது என்பதும் கவலைதான். காப்பீட்டுத் திட்டம் அறுவைக்குப் பணம் கொடுக்கிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தேவைப்படும் பைகளை என் நோயாளிகள் வெளியே கடையில்தான் வாங்கினார்கள். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் விலை. ஊட்டச்சத்துக்கான நிக்ஷய் போஷண் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கிறது, மகிழ்ச்சி. அதுவும் பதிவு செய்த பிறகுதான் வரும். பதிவோ பெரும்பாலும் பயாப்சி முடிவுக்காகக் காத்திருக்கிறது, முடிவை யாரும் வாங்கிவருவதில்லை. மருந்தோடு சோறும் எவ்வளவு முக்கியம் என்பதை, காசநோயாளிகளுக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்த ஜார்க்கண்டின் ராஷன்ஸ் ஆய்வு 2023-இல் தெளிவாகவே காட்டிவிட்டது. தொடக்கத்திலேயே எடை ஏறியவர்களிடம் இறப்பு குறைந்தது.

நம் மாநிலத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022-இல் தொடங்கியபோது முதலில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. நோயைக் கண்டறிந்தவுடன் உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்ஸிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்ப்பது நல்ல யோசனை. எளிமையானது, செவிலியரே செய்யலாம். ஆனால் அந்தப் பட்டியலிலும் வயிறு இல்லை. வாந்தி, வயிற்று உப்புசம், காற்றுப் பிரியாமை பற்றி ஒரு கேள்வி இல்லை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் புண் ஆறித் தழும்பு சுருங்குவதால் அடைப்பு அதிகமாகலாம், மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குடல் கிழியலாம். இது அறுவை மருத்துவர்களுக்குத் தெரியும். மாத்திரை கொடுக்கும் இடத்தில் யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை. ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று அவர் நிறுத்திவிடுகிறார், அல்லது வலியோடு வீட்டில் படுத்துக்கிடக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. வயிற்றுவலி என்று வருபவருக்கெல்லாம் காசநோய் மருந்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை ஏற்கெனவே தாராளமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனில் சின்ன முடிச்சு தெரிந்தால் போதும், ஆறு மாத மருந்து. கடைசியில் அது க்ரோன் நோயாகவோ நிணநீர்ப் புற்றாகவோ இருந்து நாட்கள் வீணாகும். குடல் துளையும் எல்லாம் காசநோயில்லை. டைஃபாய்டு இருக்கிறது, வேறு காரணங்கள் இருக்கின்றன. அதனால்தான் திசு வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

2025-க்குள் இந்தியாவில் காசநோய் ஒழிப்பு என்று 2018-இல் அறிவித்தார்கள். அந்த வருடம் போய்விட்டது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்னமும் இந்தியர். இலக்கு தவறியது பற்றி நான் பேசப்போவதில்லை. கீழே கேட்பவை எல்லாம் உங்கள் கையெழுத்தில் நடக்கக்கூடியவை.

முதலில் அந்தப் பெண்ணின் இறப்பைத் தணிக்கைக்கு எடுங்கள். இரண்டு மருத்துவமனைகளிலும் கோப்புகள் இருக்கின்றன, பயாப்சி முடிவு இருக்கிறது. 2012 முதல் காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 2018 அரசிதழ் அறிவிப்பு, தெரிவிக்காவிட்டால் தண்டனை என்றும் சொல்கிறது. தனியார் கிளினிக்கை மிரட்ட அதைக் காட்டுகிறோமே, நம் சொந்தக் கூரைக்குக் கீழே தயாரான முடிவு யாருக்கும் தெரிவிக்கப்படாமல் கிடந்ததற்கு யார் பதில் சொல்வது? இனிமேல் குடல் துளை, குடல் அடைப்பு, வயிற்று உறைச் சீழ் என்று அரசு மருத்துவமனையில் நேரும் ஒவ்வொரு இறப்பிலும் திசு முடிவு என்ன என்று பார்த்த பிறகே காரணம் எழுதப்பட வேண்டும். காசநோய் என்றால் ஏ18.3 ஏற வேண்டும், நிக்ஷயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது காசநோய்த் தணிக்கைக்கு வர வேண்டும்.

நோய்க்குறியியல் துறையில் காசநோய் என்று முடிவு எழுதும் அன்றே அதன் நகல் மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள். நோயாளியின் அண்ணன் வந்து வாங்கட்டும் என்று வைக்காதீர்கள். அங்கிருந்து ஒருவர் நோயாளிக்கு ஃபோன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று ரத்த அழுத்த மாத்திரையைக் கதவருகே கொண்டுபோய்க் கொடுக்கிற மாநிலம் இது, இதைச் செய்ய முடியாதா?

எல்லா அறுவை அரங்குகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டும்: காசநோய் என்று சந்தேகம் வந்தால் இரண்டு பாட்டில், ஒன்றில் ஃபார்மலின், இன்னொன்றில் சலைன். அதே நாளில் சிபிநாட் கூடங்களுக்கும், அதே வகைச் சோதனையான ட்ரூநாட் செய்யும் கூடங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போக வேண்டும். திசு, சீழ், வயிற்று நீர், நிணநீர் முடிச்சு எது வந்தாலும் திருப்பி அனுப்பாமல் வாங்க வேண்டும், ராத்திரி எடுத்ததைக் காலைவரை எங்கே, எந்தக் குளிரில் வைப்பது என்றும் அதில் இருக்க வேண்டும். முதல் சுற்றறிக்கை மட்டும் வந்தால் பாட்டில் மறுபடி எங்களிடமே திரும்பி வரும்.

முகாம் கேள்வித்தாளில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள். சாப்பிட்ட பின் வயிறு பிடித்து இழுக்கிறதா? வயிற்றுக்குள் ஏதாவது உருண்டு ஓடுகிறதா? எடை குறைந்து, சளியும் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருப்பவருக்கு ‘டிபி இல்லை’ என்று சீட்டு எழுதாமல், ‘நுரையீரலில் இல்லை, வயிற்று ஸ்கேனுக்குப் பரிந்துரை’ என்று எழுத உத்தரவிடுங்கள். நீர் இருந்தால் எடுத்து அதில் ஏடிஏ என்ற நொதியின் அளவைப் பார்க்கலாம். அது லிட்டருக்கு 39 யூனிட்டைத் தாண்டினால் காசநோயைத் தீவிரமாகச் சந்தேகித்துத் திசுவுக்குப் போகலாம். பெரிய செலவில்லாத சோதனை இது.

இறப்பில்லாத் திட்டத்தின் ஆபத்துப் பட்டியலில் தொடர் வாந்தி, வயிற்று உப்புசம், காற்றும் மலமும் பிரியாமை மூன்றையும் சேர்த்து, அப்படி வருபவர் அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு நேரே போக வழி செய்யுங்கள். வயிற்றுக் காசநோய்க்கு மாத்திரை தொடங்கும்போதே ‘வலி கூடினால் நிறுத்தாதே, உடனே வா’ என்று சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வாய்வழி எதுவும் கொடுக்க முடியாத நாட்களில் எந்த ஊசியை, எந்த அளவில், எத்தனை நாள் போடுவது என்று காசநோய் வல்லுநர்களும் அறுவைத் துறைத் தலைவர்களும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், வார்டுச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்.

குடல் வாய் வைத்த ஒவ்வொருவருக்கும், அது மூடப்படும்வரை, பைகளும் தோலில் தடவும் பசையும் மருத்துவமனை மருந்தகத்திலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். காப்பீட்டுத் தொகுப்பில் சேர்ப்பீர்களா, மருத்துவப் பணிகள் கழகம் மூலம் வாங்குவீர்களா என்பது உங்கள் வசதி. ஆனால் பாலித்தீன் கவரோடு இனி ஒரு நோயாளியும் டிஸ்சார்ஜ் ஆகக் கூடாது.

வருகிற மார்ச் 24, காசநோய் நாளுக்குள் இவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன். எதைச் செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதிக்குள், எதைச் செய்ய முடியாது, முடியாததற்குத் தடை பணமா ஆளா விதியா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு அறுவை மருத்துவர்